வீட்டைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் வெடித்திருக்கிறது: அடைத்தால் போதுமா, உடைத்துப் போட வேண்டுமா?

பல்லடம் வாசி

வணக்கமுங்க. பல்லடத்துக்குத் தெற்கே முன்பு பருத்திக்காடாக இருந்த இடத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கரிசல் மண். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்தில் 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறது. முன்னால் கார் நிறுத்தும் இடமும் அதே கான்கிரீட்தான்.

இப்போது மூன்று விதமாக வெடித்திருக்கிறது. வீட்டுச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு பிளவு, சித்திரை வெயிலில் சுண்டுவிரல் நுனி நுழைகிறது. அடுத்து, 3 அடித் தளத்தில் குறுக்கே அங்கங்கே விரிசல். கார் நிற்கும் இடத்தில் மேலாக மட்டும் வலை பின்னியதுபோல் நுண்ணிய கோடுகள்.

கொத்தனார் சிமெண்டைக் கரைத்து ஊற்றி அடைத்துக் கொடுத்தார். அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப விட்டுவிட்டது. பெயிண்ட் கடையில் ஒரு டப்பாவைக் காட்டி, மேலே இரண்டு கோட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, மொத்தமாக உடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

சூலூர் பொறியாளர்

டப்பாவை இப்போதைக்கு வாங்காதீர்கள். மூன்று வெடிப்புக்கும் காரணம் வேறு வேறு. எது அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று தெரியாமல் எதை ஊற்றினாலும் பணம் வீண்.

வலைக்கோடுகள் பெரும்பாலும் கான்கிரீட் போட்ட நாளிலேயே உண்டானவை. ஆனி, ஆடியில் போட்டீர்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் மழையைக் கொட்டாது, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு 1 லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகப் போனால், இறுகுவதற்கு முன்பே மேல்தோல் சுருங்கிக் கிழியும். இன்னொரு காரணமும் உண்டு. மேலே நீர் கசிந்து நிற்கும்போது அதை உறிஞ்சக் காய்ந்த சிமெண்டைத் தூவி வழவழவென்று தேய்ப்பார்கள். அப்போது மேலே ஒரு மெல்லிய சிமெண்ட் ஏடு உருவாகி, கீழே இருக்கும் கான்கிரீட்டைவிட அதிகமாகச் சுருங்கும். இரண்டில் எதுவானாலும் பார்வைக்குத்தான் குறை, பலத்துக்குப் பெரிய கேடு இல்லை.

குறுக்கு வெடிப்பு காய்ந்து சுருங்கியதால் வந்தது. கான்கிரீட் எப்படியும் சுருங்கும். எங்கே பிரிய வேண்டும் என்று நாம் கோடு வெட்டி வைக்காவிட்டால், அது தனக்குப் பிடித்த இடத்தில் பிரியும். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு வேண்டும், வெட்டின் ஆழம் கனத்தில் கால்பங்காவது இருக்க வேண்டும். வெயிலும் சேரும். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், இரவில் குளிர்ந்து திரும்பச் சுருங்கும்.

சுவரோரப் பிளவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வீடு ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது, தளமோ மேல்மண்ணில் கிடக்கிறது. கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். தளம் மண்ணோடு ஏறி இறங்கும், வீடு அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் சிமெண்டால் ஒட்டினால் ஒட்டாது. சிமெண்டுக்கு இழுபடும் குணம் கிடையாது.

எனக்குச் சில விவரம் சொல்லுங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே இறங்குகிறது? விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கிறதா? தளத்தின் சாய்வு வெளிப்பக்கமா, வீட்டுப்பக்கமா? அருகில் மரம் இருக்கிறதா? சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் எங்காவது டொக்கு விழுந்த ஓசை வருகிறதா?

பல்லடம் வாசி

நன்றி சார். ஆடியில்தான் போட்டோம், நல்ல காற்று. மாடித் தண்ணீர் தென்மேற்கு மூலையில் தளத்தின் மேலேயே கொட்டுகிறது. அந்த மூலையில் தட்டினால் வெற்று ஓசை வருகிறது, தளமும் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வெளியே போகாமல் சுவரை நோக்கி வருகிறது. மேற்கே மதிலோரமாக ஒரு வேம்பு இருக்கிறது, அதற்கு நேரே தளம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே மட்டம்தான்.

அவிநாசி கொத்தனார் மகன்

அண்ணா, அப்பா கூட இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். தென்மேற்கு மூலை ஏன் இறங்கியது என்று சொல்கிறேன். அஸ்திவாரக் குழி வெட்டின மண்ணையே திரும்பத் தள்ளி, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு, உடனே கான்கிரீட் போடுவார்கள். அந்த மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்திருக்க வேண்டும். அப்படி இடிக்காத மண்ணில் மாடித் தண்ணீரும் கொட்டினால் அடியில் பொக்கை விழும். அங்கே வெடிப்பை மட்டும் அடைத்து ஒன்றும் ஆகாது. அந்தக் கட்டத்தை உடைத்து எடுத்து, அடிமண்ணைச் சரிசெய்துதான் போட வேண்டும்.

மட்டம் மாறாத குறுக்கு வெடிப்புகளை உடைக்க வேண்டாம். வெடிப்பை அப்படியே விட்டு மேலே பூசினால் நிற்காது. அதைத் திறக்க வேண்டும். கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு, வெடிப்பின் வழியே அரை அங்குல அகலம், முக்கால் அங்குல ஆழம் வெட்ட வேண்டும். நிறையப் பேர் வி வடிவத்தில் வெட்டிவிட்டுப் போகிறார்கள். ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலண்ட் வைப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் செங்குத்தாக இருக்க வேண்டும், அப்போதுதான் பக்கவாட்டில் பிடிக்கும். வெட்டிய பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புளோயரால் தூசியை ஊதி எடுக்க வேண்டும். பழைய சிமெண்ட் ஊற்றியது ஒரு பொட்டுக்கூட உள்ளே இருக்கக் கூடாது.

வெட்டும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது. கல்குவாரி வேலை பார்த்த எங்கள் சொந்தத்திலேயே மூச்சு வாங்கிக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் விட்டாலும் கவசம் வாங்கிக் கொடுத்து, போட்ட பிறகுதான் மிஷினைத் தொடச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒருவர் தண்ணீர் விட, ஒருவர் வெட்டலாம். தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்று உள்ள மிஷினாக இருக்கட்டும், சாதாரண கிரைண்டரில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும்.

காங்கேயம் களத்துக்காரர்

நானும் இந்தத் தொல்லையில் இருப்பவன். எங்களுடையது கொப்பரை உலர்த்தும் களம். வெடிப்பில் பருப்புத் துண்டும் மண்ணும் சேர்ந்து, மழை வந்தால் பூஞ்சை பிடிக்கிறது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

எங்கள் ஊரில் வெடிப்பில் தாரைக் காய்ச்சி, மணல் கலந்து ஊற்றுவார்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இழுபடும், விலையும் குறைவு. அதைவிட்டு விலை கூடிய ரப்பர் எதற்கு?

சூலூர் பொறியாளர்

ஐயா, தார் இழுபடும் என்பது உண்மைதான். அதனால்தான் பழைய அணைக்கட்டு வேலையிலும் சாலை வேலையிலும் தார்ச் சேர்மானம் ஓடியது. சாதாரண தாருக்கு நம் வெயில் ஆகாது. சித்திரையில் இளகிக் காலில் ஒட்டும், வருடங்கள் போகப் போக எண்ணெய்ப் பசை வற்றி மொறுமொறுப்பாகும். அதைவிட முக்கியம், உணவுப் பொருள் காயும் களத்தில் தார் வேண்டவே வேண்டாம். கொப்பரை சூட்டில் அதன் வாசமும் கசடும் ஏறும்.

உங்கள் களத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல வருடமாகத் தேங்காய் எண்ணெய் ஊறிய கான்கிரீட் அது. எண்ணெய் ஊறிய பரப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. எண்ணெயில் பிரியும் கொழுப்பு அமிலம் சிமெண்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பைப் பொடியாக்கவும் செய்யும். சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் பரவி உள்ளே இறங்கினால் எண்ணெய் போய்விட்டது. உருண்டையாக நின்றால் இன்னும் இருக்கிறது. பொடிந்த மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல கான்கிரீட் வரை போய்த்தான் அடைக்க வேண்டும். அசையாத வெடிப்பு என்றால் எஸ்பிஆர் பால் (சிமெண்டில் கலக்கும் செயற்கை ரப்பர் பால்) சேர்த்த சிமெண்ட் கலவை போதும், கொப்பரைக்கும் கேடில்லை.

காங்கேயம் களத்துக்காரர்

தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தேன். ஆலைச் சுவரை ஒட்டின பக்கம் முத்து முத்தாக நிற்கிறது, நடுக்களத்தில் உள்ளே இறங்குகிறது. நடுவில் இருப்பதை முதலில் செய்கிறேன். எஸ்பிஆர் கலவையை எப்படிச் சேர்ப்பது என்று கொத்தனார் தம்பி கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

அவிநாசி கொத்தனார் மகன்

சொல்கிறேன் ஐயா. 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த எம் சாண்ட். கிரஷர் டஸ்ட்டை எம் சாண்ட் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் மணலும் தண்ணீரும் போட்டுக் கலக்கி வைத்தால் மேலே படியும் மாவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மாவு கூடினால் தண்ணீர் கூடக் கேட்கும், திரும்ப வெடிக்கும்.

எஸ்பிஆர் பாலைக் கேனில் எழுதியிருக்கிற அளவுக்குத்தான் தண்ணீரில் கலக்க வேண்டும். கலவை புட்டு மாவு பதத்தைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் போதும். அடைக்கப் போகும் இடத்தை முந்தின நாளே நனைத்து வைத்து, வேலைக்கு முன் நிற்கிற தண்ணீரை ஒற்றி எடுத்துவிட வேண்டும். பாலும் சிமெண்டும் குழைத்த கூழைப் பிரஷ்ஷால் முதலில் தடவி, அது காய்வதற்குள் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். கூழ் காய்ந்துவிட்டால் அதுவே ஏடாக நின்று ஒட்டவிடாது, அதனால் எட்டும் தூரத்துக்கு மட்டும் தடவிக்கொண்டே போங்கள். ஒருநாள் ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்துவிட்டு, அப்புறம் உலரவிடலாம்.

உடுமலைக்காரன்

இவ்வளவு சிரமம் எதற்கு? மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு பேவர் பிளாக் போடுங்கள். மண் ஏறினால் கல்லும் ஏறும், இறங்கினால் இறங்கும், வெடிப்பே தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

சூலூர் பொறியாளர்

கார் நிற்கும் இடத்துக்கு பேவர் நல்ல யோசனைதான். சுவரை ஒட்டின 3 அடிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்தத் தளம் நடப்பதற்காக மட்டும் போட்டதில்லை. மழைநீர் அஸ்திவாரத்தின் பக்கம் இறங்காமல் தள்ளிவிடுவதுதான் அதன் முதல் வேலை. பேவர் கல்லின் சந்துகள் வழியாகத் தண்ணீர் மணல் படுகைக்குள் இறங்கி அங்கேயே தேங்கும். செம்மண், சரளை நிலமாக இருந்தால் பரவாயில்லை, வடிந்துவிடும். கரிசலில் அந்த ஈரம் சுவரோரம் மட்டும் மண்ணை ஊதவைக்கும். வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே மண் காய்ந்து கிடக்க, ஓரம் மட்டும் ஈரமாகி ஊதினால் சுவரிலேயே விரிசல் வரும். தரை வெடிப்புக்கு ஆயிரங்களில் செலவு, சுவர் வெடிப்புக்கு லட்சங்களில் போகும்.

உடுமலைக்காரன்

சரிங்க, எங்களுடையது செம்மண். அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. கரிசலுக்கு நீங்கள் சொல்வது நியாயம்.

பெருந்துறை அம்மணி

சுவரோரப் பிளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இடுக்கு வழியாகத்தான் கரையான் ஏறியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, உள்ளே பூஜை அறை மர அலமாரியின் பின்பக்கம் முழுக்க மண் ஏறியிருந்தது. அதனால் அண்ணா, மூடுவதற்கு முன் பிளவின் நீளம் முழுக்க டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் முதலில் கரையான் மருந்து, பிறகுதான் அடைப்பு.

இன்னொன்று, தண்ணீர் என்றால் எல்லோரும் மழையை மட்டும் நினைக்கிறோம். வாஷிங் மெஷின் குழாய், ஏசி சொட்டு, டேங்க் நிரம்பி வழிவது, சுவரோரம் வைத்த செடிக்குத் தினமும் விடுகிற தண்ணீர், இதெல்லாம் வருடம் முழுக்க ஒரே இடத்தில் இறங்குகிறது. எங்கள் வீட்டில் சமையலறைப் பக்கம் மட்டும் தளம் தூக்கியதற்குப் பாத்திரம் கழுவும் தொட்டியின் வெளிக்குழாய் உள்ளே விட்டுப்போனதுதான் காரணம். குழாயை மாற்றிய பிறகுதான் செய்த மற்ற வேலை எதுவும் நிலைத்தது.

சூலூர் பொறியாளர்

அக்கா சொன்னது முழுக்கச் சரி. தண்ணீரை நிறுத்தாமல் வெடிப்பை அடைக்கக் கூடாது.

பல்லடம் நண்பருக்கு ஒரு வேலை தருகிறேன். சுவரோரப் பிளவின் நான்கைந்து இடங்களில் சுவரில் ஒரு ஸ்டீல் ஆணி, தளத்தில் ஒரு ஸ்டீல் ஆணி அடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை வெர்னியரால் அளந்து தேதியோடு எழுதுங்கள். குறுக்கு வெடிப்புகளின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் அது வளர்கிற வெடிப்பு. கண்ணாடிப் பட்டையைச் சிமெண்டால் ஒட்டிவைப்பது பழைய முறை. உடைந்தால் அசைகிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடியும் வரை அளந்துகொண்டே இருங்கள்.

கோபி வயலோரம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தரை நன்றாக இருக்கிறது. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடின் அடியில் நேர்கோடாக வெடித்து, பழுப்பு நிறக் கறை வழிகிறது. இதற்கும் அதே சீலண்ட் போதுமா?

சூலூர் பொறியாளர்

போதாது, அதைத் தயவுசெய்து அடைக்காதீர்கள். கம்பி துருப்பிடித்து ஊதுவதால் வரும் வெடிப்பு அது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே அடைத்தால் உள்ளே துரு ஏறிக்கொண்டே இருந்து, ஒருநாள் யார் தலையிலாவது பெயர்ந்து விழும். கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, துருவைச் சுரண்டி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

கட்டும்போது உப்பு போர்வெல் தண்ணீரில் கலந்தார்களா? கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456:2000 விதி. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விட்டிருக்கிறார்கள். நம் பக்கம் ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் 500ஐத் தாண்டும். லாரித் தண்ணீர் விலை அதிகம் என்று எல்லாவற்றையும் போர்வெல்லிலேயே முடிப்பவர்கள், தரைக்கு அதைப் பயன்படுத்தினாலும் கம்பி போடும் இடத்துக்காவது ஆற்றுத் தண்ணீர் வாங்கினால் நல்லது.

கோபி வயலோரம்

போர்வெல் தண்ணீர்தான் சார். நாளைக்கே அந்த ஜன்னலுக்குக் கீழே கட்டில் போடுவதை நிறுத்துகிறோம். ஆளை வரவழைத்துப் பார்க்கிறேன்.

பல்லடம் வாசி

கார்த்திகை முடிந்துவிட்டது, விவரத்தோடு வந்திருக்கிறேன். சுவரோரப் பிளவு சித்திரையில் 10 மி.மீ., இப்போது 6 மி.மீ. எல்லா ஆணியிலும் ஏறக்குறைய அதே 4 மி.மீ. வித்தியாசம்தான். குறுக்கு வெடிப்புகள் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை, அகலம் மட்டும் கொஞ்சம் கூடிக் குறைகிறது. மாடிக் குழாயை நீட்டி மதிலுக்கு வெளியே மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டோம். கரையான் இல்லை. தென்மேற்கு மூலையையும் வேம்புக்கு நேரே இருக்கிற கட்டத்தையும் உடைக்கப் போகிறோம். வேம்பை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை, எனக்கும் மனமில்லை.

சூலூர் பொறியாளர்

வேம்பை வெட்ட வேண்டாம். கரிசலில் பெரிய மரத்தைத் திடீரென்று எடுத்தால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி இன்னும் ஊதும். மரத்துக்கு நேரே உள்ள கட்டத்தைச் சிறியதாக, 4 அடிக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுங்கள். தூக்கினாலும் அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

உடைக்கிற இடத்தில் கரிசலை ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் செம்மண் கிராவல் நிரப்பி, ஈரம் காட்டி அடுக்கடுக்காக இடியுங்கள். சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மோகோல் பட்டை நிறுத்திவிட்டு, பாலிதீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட். 1 பங்கு சிமெண்ட், ஒன்றரை மணல், 3 பங்கு முக்கால் ஜல்லி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கச் சாய்வு. மறுநாள் காலையிலேயே வெட்டுக்கோடு போட்டுவிடுங்கள், தாமதித்தால் அது முந்திக்கொள்ளும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். விதிப்படி சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், வறண்ட வெப்பத்தில் 10 நாள். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி என்பதால் 14 நாள் விடுங்கள்.

சுவரோரத்துக்கு வருவோம். 4 மி.மீ. அசைவு என்றால் நடுநிலையில் நிரப்பும்போது பக்கத்துக்கு 2 மி.மீ. நல்ல பாலியூரித்தேன் சீலண்ட் தன் அகலத்தில் 25 சதவீதம் இழுபட்டுச் சுருங்கும். 2 மி.மீ. என்பது 8 மி.மீ. அகலத்தின் 25 சதவீதம். ஆனால் அந்த 8 மி.மீ. எல்லைக்கோடு, நீங்கள் 16 மி.மீ. அகலம் வெட்டுங்கள். ஆழம் அதில் பாதி, 8 மி.மீ. அடியில் 20 மி.மீ. ஃபோம் கயிறு அழுத்தி வைக்க வேண்டும். கயிறு இருந்தால்தான் சீலண்ட் அடியில் ஒட்டாமல் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டும். மூன்று பக்கமும் ஒட்டினால் இழுபட வழியில்லாமல் கிழிந்துவிடும்.

தை பிறந்ததும் செய்யுங்கள். மண் ஊதியும் இல்லாமல் வெடித்தும் இல்லாமல் நடுவில் இருக்கும், கான்கிரீட்டும் காய்ந்திருக்கும். சித்திரையில் நிரப்பினால் மழைக்கு நசுங்கி வெளியே பிதுங்கும். கார்த்திகை ஈரத்தில் நிரப்பினால் கோடையில் இழுத்துக் கிழிக்கும்.

பல்லடம் வாசி

வீட்டுச் சுற்றளவு 130 அடி. சீலண்ட் எத்தனை குழல் வாங்க வேண்டும்? கார் நிற்கும் இடத்து வலைக்கோடுகளை என்ன செய்வது?

சூலூர் பொறியாளர்

130 அடி ஏறக்குறைய 40 மீட்டர். 16க்கு 8 என்றால் மீட்டருக்கு 128 மி.லி., மொத்தம் 5 லிட்டருக்குச் சற்று மேல். 600 மி.லி. குழல் 9 வரும், சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து 10 வாங்குங்கள். குறுக்கு வெடிப்புக்குத் தனிக்கணக்கு. அவை 12க்கு 6 போதும், 600 மி.லி. குழல் ஒன்று 8 மீட்டர் ஓடும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், பழைய குழல் உள்ளேயே இறுகியிருக்கும்.

வலைக்கோடுகளை விட்டுவிடுங்கள். விசிட்டிங் கார்டு நுனி நுழையாத கோடுகள் அவை. மனம் ஒப்பவில்லை என்றால் நன்றாகக் கழுவி உலரவிட்டு, உள்ளே ஊறுகிற சைலேன் வகை சீலரை ஒரு தடவை அடியுங்கள். தண்ணீர் குடிப்பது குறையும், கோடுகள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். மேலே படலமாக நிற்கிற பெயிண்ட் வேண்டாம், கார் டயர் சூட்டில் உரிந்துவரும்.

பெருந்துறை அம்மணி

சைலேன் அடித்த பிறகு வாசலில் கோலம் போட்டால் நிற்குமா?

சூலூர் பொறியாளர்

காய்ந்த மாவுக்கோலத்துக்கு ஒன்றும் ஆகாது அக்கா. ஈரமாவில் போடுகிற இழைக்கோலம்தான் சரியாகப் பிடிக்காது, உருண்டு நிற்கும். கோலம் போடும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடித்துக்கொள்ளலாம்.

அவிநாசி கொத்தனார் மகன்

அண்ணா, கடைசியாகக் கைவேலை விவரம் கொஞ்சம். வெட்டின ஓரத்தின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், வேலை சுத்தமாக வரும். கம்பெனி பிரைமர் சொல்லியிருந்தால் தவிர்க்காதீர்கள். குழல் மூக்கைச் சாய்வாக, சந்தின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டுங்கள். குழலை மாட்டிப் பிதுக்குகிற சீலண்ட் துப்பாக்கியைத் தள்ளிக்கொண்டு போனால் உள்ளே காற்று தங்காது. காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கச் சுவரை முடித்துவிடுங்கள், மேற்குப் பக்கத்தை நிழல் இருக்கும் முற்பகலில் செய்யலாம். இழுத்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பூன் பின்பக்கத்தால் லேசாகக் குழிவாகத் தேய்த்து, சீலண்ட் தோல் கட்டுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். அன்று முழுக்க நாய், கோழி, குழந்தைகள் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லடம் வாசி

மிஷின் சொல்லியாயிற்று, பொங்கல் கழிந்து வருகிறார்கள். முகக்கவசம் ஆளுக்கு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆணிகளைப் பிடுங்காமல் விட்டுவைக்கிறேன் சார், அடுத்த சித்திரையில் அளந்து இங்கேயே எழுதுகிறேன்.